ரெங்கராஜின் தலைக்குள் நடந்த சண்டை

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் ரெங்கராஜ் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அடுத்த கடை என்னுடையது, ஜெராக்ஸ் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். கடையில் ஒரு ரேடியோ வாங்கி வைக்கலாம் என்று வருடா வருடம் நினைப்பேன். எதற்கு என்று விட்டுவிடுவேன்.

ரெங்கராஜுக்கு வியாபாரம் இரண்டாம்பட்சம். வாதம்தான் முதல். கத்தரிக்காயில் புழு இருக்கிறதே என்று யாராவது சொன்னால், “மருந்தடிக்காத காய்லதாங்க புழு இருக்கும். புழுவுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையே” என்பார். மறுநாள் வேறொருவர் புழுவே இல்லாத கத்தரிக்காயைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தால், “நல்ல காய்ல புழுவுக்கு என்னங்க வேலை?” என்பார். முதல் நாள் சொன்னதை நினைவூட்டினால் அதற்கும் பதில் வைத்திருப்பார். ஐம்பது வயதை நெருங்கும் அந்த மனிதர் எந்த விஷயத்திலும் தோற்று நான் பார்த்ததில்லை. எதிராளிக்குப் பஸ் வந்துவிடும், அவ்வளவுதான்.

அவருடைய மனைவி பிரகதீஸ்வரி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அதிகம் பேசமாட்டார். சுபாவமே அப்படியா, அல்லது அந்த வீட்டில் பேச இடம் கிடைக்காததாலா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது.

ரெங்கராஜுக்குச் சரியான எதிராளி ஊரிலேயே ஒருவர்தான். சின்னப்பிள்ளை அக்கா. அறுபதைத் தாண்டியவர், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து அவரே பார்த்துக்கொள்கிறார். தினமும் சாயங்காலம் பையோடு வருவார். வாங்குவது என்னவோ கால் கிலோதான். அதற்கு அரை மணி நேரம் ஆகும். ரெங்கராஜ் அந்த நேரத்துக்காகவே தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

போன வருடம் ஐப்பசி மழை நேரம். சின்னப்பிள்ளை அக்கா வழக்கம்போல வந்து வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது.

“என்ன ரெங்கராசு, வெண்டைக்கா முத்திப்போயிருக்கு?”

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் காது கொடுத்துக் காத்திருந்தேன்.

“ஆமாக்கா. முத்தல்தான்” என்றார் ரெங்கராஜ்.

அக்கா வெண்டைக்காயைக் கீழே போட்டுவிட்டார். நான் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். ரெங்கராஜ் சாக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அக்கா கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டார்.

“ஆத்தாடி, கொதிக்குதே! காய்ச்சலோடயா கடையத் தொறந்து வச்சிருக்க?”

காய்ச்சல் முந்தின நாளே வந்திருக்கிறது. வீட்டில் படுங்கள் என்று பிரகதீஸ்வரி சொல்லியிருக்கிறார். அதில் வாதாடி ஜெயித்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கிறார்.

“ரப்பர் கருகுற வாடை அடிக்குதேக்கா. ஒங்களுக்கு அடிக்கலையா?” என்று கேட்டார். எங்கள் யாருக்கும் அடிக்கவில்லை. அந்த முருங்கைக்காயை எடு என்று அக்கா சொன்னதற்கு அவர் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தோம். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

அக்கா அங்கேயே நின்று பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டார். “ஏம்மா, ஒன் வீட்டுக்காரரு நான் சொல்றதுக்கெல்லாம் ஆமாங்கிறாரு. வெளையாட்டு இல்ல, ஒடனே கெளம்பி வா.”

அவர் வருவதற்குள் கடைத்தெரு முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். மெடிக்கல் ஷாப்காரர் காய்ச்சல் மாத்திரையோடு வந்தார். டீக்கடைக்காரர் பித்தம் என்றார். ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். நான் இளநீர் என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பிரகதீஸ்வரி ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணவர் முன்னால் போய் நின்றார். ரெங்கராஜ் அவரை நிமிர்ந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு, “ஒங்களுக்கு என்ன வேணும்ங்க?” என்று கேட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கேட்காத கேள்வி அது. பிரகதீஸ்வரி செல்லை எடுத்து 108-க்கு அடித்தார்.

புதுக்கோட்டை போகும் வழியில் ஆம்புலன்ஸிலேயே வலிப்பு வந்துவிட்டது. நான் பைக்கில் பின்னால் போனேன். சின்னப்பிள்ளை அக்கா என் பின்னால் உட்கார்ந்திருந்தார். வழி நெடுக, அந்த வெண்டைக்காய் உண்மையில் அவ்வளவு முத்தல் இல்லை என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷர்லி என்று ஒருவர். நரம்பியல் டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் கேட்டதெல்லாம் எங்களுக்கு விநோதமாக இருந்தது. பேச்சு மாறியதா, வாடை எதுவும் அடிக்கிறது என்றாரா, ஆள் தெரியாமல் பேசினாரா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றோம். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்தச் சோதனை முடிவு வருவதற்கு முன்பே ஒரு மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார் டாக்டர்.

“ரிசல்ட் வராமலே மருந்தா?” என்று நான் கேட்டேன். ரெங்கராஜ் இல்லாத குறைக்கு யாராவது வாதாட வேண்டுமே.

“காத்திருந்தா மூளைதான் சார் போகும். வேற எதுவோன்னு தெரிஞ்சா மருந்த நிறுத்திக்கலாம்” என்றார். நான் அடங்கிவிட்டேன்.

மறுநாள் காலை வார்டு வாசலில் பிரகதீஸ்வரியிடம் விளக்கமாகச் சொன்னார். கையில் கிடைத்த மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் படம் வேறு போட்டார். அது மூளைப் படம். கொஞ்சம் முந்திரிக்கொட்டை மாதிரி இருந்தது. நாங்கள் தலையாட்டினோம்.

“மூளைக்காய்ச்சல்மா. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். காய்ச்சல் வந்தா சில பேருக்கு உதட்டோரத்துல கொப்புளம் வருமே, அதே வைரஸ்தான். நிறையப் பேர் ஒடம்புல ஒரு நரம்புக்குள்ள சத்தமில்லாமப் படுத்துக் கெடக்கும். லட்சத்துல யாரோ ஒருத்தருக்கு மூளைக்கு ஏறிரும். ஏன் அவருக்குன்னு கேட்டா, பெரும்பாலும் பதில் தெரியாது.”

சின்னப்பிள்ளை அக்கா நடுவில் புகுந்தார். “எனக்குப் போன வருசம் ஒதட்டுல வந்துச்சே டாக்டரம்மா! அப்ப எனக்குள்ளயும் இருக்கா?”

“இருக்கும்மா. எனக்கும் இருக்கலாம். இந்த வராண்டாவுல நிக்கிற பாதிப் பேருக்கு மேல இருக்கும்.”

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுற்றிலும் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

டாக்டர் தொடர்ந்தார். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள் உண்டு, மைக்ரோக்ளியா என்று பெயர். வைரஸ் நுழைந்தது தெரிந்ததும் அவை ரசாயனச் சேதி அனுப்பி உதவி கேட்கும். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை மூளை சாதாரணமாக உள்ளே விடாது. ரத்தக்குழாய்க்கும் மூளைக்கும் இடையில் ஒரு தடுப்பு உண்டு. இப்போது சேதி போனதால் டி செல் என்ற வகை அணுக்கள் அந்தத் தடுப்பைக் கடந்து கூட்டமாக உள்ளே வந்திருக்கின்றன. முதுகிலிருந்து எடுத்த நீரில் அவை நிறையத் தெரிந்தன. தெளிவாக இருக்க வேண்டிய நீர் அது.

“அப்ப நல்லதுதானுங்களே?” என்றார் பிரகதீஸ்வரி.

“நல்லதுதான். ஆனா கவனமா நடக்கணும். தோல்ல வைரஸ் பூந்தா, பூந்த செல்லயே இந்த டி செல் கொன்னுரும். தோல் மறுபடி வளந்துக்கும். மூளையில ஒரு நரம்புச் செல் செத்தா அந்த எடத்துக்கு இன்னொண்ணு வராது. அதனால இங்க முடிஞ்ச வரைக்கும் கொல்லாமப் பாக்கும். ‘ஒனக்குள்ள இருக்கிறத நீயே அடக்கு’ன்னு ஒரு ரசாயனத்த அந்தச் செல்லுக்கு அனுப்பும். செல்லும் வைரஸ உள்ளயே அடக்கிரும், உசுரோடயும் இருக்கும். எல்லா எடத்துலயும் அப்படி முடியாது. சில எடத்துல கொல்லத்தான் வேண்டியிருக்கும். கூட்டம் சேந்தா வீக்கமும் வரும். இந்த மருந்து வைரஸ் பெருகாமப் பாத்துக்கும். மிச்சத்த அவர் ஒடம்பு செய்யணும்.”

பிரகதீஸ்வரி அந்த அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“வீட்டுக்குள்ள வந்து சண்டை போடுறாங்க. ஜெயிச்சாலும் வீடு என்னங்க ஆகும்?”

“அதுதாம்மா எனக்கும் பயம். பாக்கலாம்” என்றார் டாக்டர்.

சோதனை முடிவு வந்தது. அதே வைரஸ்தான். மருந்து தொடர்ந்தது. ரெங்கராஜ் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அவர் மிக நல்ல மனிதராகத் தெரிந்தார். அமைதியானவர் என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். நான் மறுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் என் வெகுநாள் சந்தேகம் தீர்ந்தது. பிரகதீஸ்வரி பேசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கணவரிடம் பேசினார். பள்ளிக்கூடத்தில் முட்டை வேகாத கதை, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் கொட்டியது, மகள் இந்துமதி கோயம்புத்தூரிலிருந்து எத்தனை மணி பஸ் ஏறினாள், ஓட்டு வீட்டில் எந்த மூலையில் ஒழுகுகிறது, அதை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன் என்பது வரை. இருபது வருடப் பாக்கிப் பேச்சு. நர்ஸ்கள் ஊசி போட வந்தால் முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சின்னப்பிள்ளை அக்கா ஒருநாள் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். அவருக்கு ஆறுதலாகப் பேச வராது. “ரெங்கராசு, நேத்து அங்கிட்டு மேலக் கடையில தக்காளி வாங்குனேன். ஒன் கடைத் தக்காளியவிட நல்லா இருந்துச்சு” என்றார்.

ரெங்கராஜின் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

“பொய்” என்றார்.

பிரகதீஸ்வரி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அக்கா, “டாக்டரம்மா, டாக்டரம்மா” என்று கத்திக்கொண்டு வராண்டாவில் ஓடினார். டாக்டர் ஷர்லி வந்து டார்ச் அடித்துப் பார்த்து, பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பெயர் வந்தது. ஊர் வந்தது. பக்கத்தில் நிற்பது யார் என்றார்.

“வீட்டுல” என்றார் ரெங்கராஜ். பிரகதீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிளாஸ்க்கில் வெந்நீர் நிறைய இருந்தது.

மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அப்போதுதான் டாக்டர் படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

சுத்தியல் படம். “சுத்தியல்.” கதவு, பூட்டு, சைக்கிள், தராசு. தராசைக் காட்டியபோது, இந்த மாதிரித் தராசு இப்போது யாரும் வைப்பதில்லை, எலக்ட்ரானிக்தான் என்று திருத்தம் சொன்னார். அடுத்தது பசு. ரெங்கராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மிருகம்.”

“என்ன மிருகம்?”

“கொம்பு இருக்கு. வீட்டுல வச்சிருப்பாங்க.” அதற்கு மேல் வரவில்லை. கிளி, “பறக்கிறது.” வாழைப்பழம், “திங்கிறது.” பிறகு டாக்டர் கத்தரிக்காய்ப் படத்தை வைத்தார். நானும் பிரகதீஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ரெங்கராஜ் அட்டையைக் கையில் வாங்கி அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். “படம் சரியா போடலைங்க” என்றார்.

நான் ஓடிப்போய் வெளியே கடையிலிருந்து நிஜக் கத்தரிக்காய் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தேன். அதை உருட்டினார், காம்பைப் பிடித்துத் தூக்கினார், முகர்ந்தார். இத்தனை வருடம் அவர் அதைப் பற்றிப் பேசிய பேச்சு என் காதில் ஓடியது.

“இதுவும் சரியில்ல” என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

சண்டை நடந்த இடம் காதுக்கு மேலே உள்பக்கம், உயிருள்ளவற்றைப் பற்றிய அறிவுக்கு அந்த இடம் ரொம்ப முக்கியம் என்று டாக்டர் சொன்னார். செடி, கொடி, விலங்கு, பறவை பற்றியது போய், மனிதன் செய்த பொருள்களைப் பற்றியது தப்பிப்பது இந்த நோயில் நடப்பதுதானாம். திரும்பப் படித்தால் ஓரளவு வரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பூட்டு ரிப்பேர் செய்கிறவராக இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காதே, இந்த மனிதருக்குப் போய் இப்படியா.

வீட்டுக்கு வந்து சில நாளிலேயே கடையைத் திறக்க வேண்டும் என்றார். காய் பெயர் தெரியாமல் எப்படி என்று பிரகதீஸ்வரி கேட்டதற்கு, “பேரு எதுக்கு? வேணுங்கிறவங்க கையக் காட்டட்டும், நிறுத்துத் தாரேன்” என்றார். அந்த வாதத்திலும் ஜெயித்தார்.

இந்துமதி லீவு போட்டுவிட்டு வந்து ஒவ்வொரு கூடையிலும் பெயரும் விலையும் எழுதிய அட்டையைச் சொருகிவைத்தாள். ரெங்கராஜ் வாசித்து விற்றார். காய்கள் கூடை மாறினால் பெயரும் மாறியது. ஒரு வாரம் எங்கள் தெருவில் பீர்க்கங்காய் புடலங்காயாக விற்றது. யாரும் திருத்தவில்லை. திருத்தினால் வாதாடுவாரே என்ற பயம்தான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம்.

சின்னப்பிள்ளை அக்கா மட்டும் விடவில்லை. தினம் ஒரு காயைக் கையில் எடுத்து, “இது என்ன?” என்பார். தெரியாவிட்டால் தானே சொல்லிவிட்டு, அதைப் பற்றி ஒரு குறையும் சொல்வார். “சுரைக்கா. நீத்துப்போன சுரைக்கா.” குறை சொன்னதும் ரெங்கராஜுக்கு ரோஷம் வந்துவிடும். அந்த ரோஷத்தில் பெயர் மனதில் நின்றது. அட்டை வைத்துப் படித்ததில் நின்றதைவிட இதில் அதிகம் நின்றது.

காய்களைப் பற்றிப் பேச முடியாத குறையை அவர் வேறு வழியில் தீர்த்துக்கொண்டார். தன் மூளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டாக்டர் போட்ட முந்திரிக்கொட்டைப் படத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினார். டி செல்கள் அவர் வாயில் ‘நம்ம பயலுக’ ஆனார்கள். தடுப்பைத் தாண்டியது ஏறிக் குதித்ததாகியது. வைரஸின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் கூடியது. சண்டை முடிந்த பிறகும் சில டி செல்கள் மூளையிலேயே தங்கிக் காவல் இருக்கக்கூடும், அதைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். போதாதா?

“என் தலைக்குள்ள நிரந்தரமா ஒரு போலீஸ் ஸ்டேசன் இருக்குங்க. ஒங்க தலைக்குள்ள இருக்கா?” என்று பேங்க் மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் பாகற்காய் வாங்க வந்தவர். வாங்காமல் போய்விட்டார்.

இந்தப் பெருமை தை மாதம் வரை ஓடியது. அப்புறம் ரெங்கராஜ் தூங்குவதில்லை என்று பிரகதீஸ்வரி சொன்னார். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறாராம். கடையில் வாய் ஒருபக்கமாக இழுத்து இழுத்து அசைவதை நானே பார்த்தேன். யாரும் இல்லாதபோதும் யாரிடமோ கோபமாகப் பேசினார். பொங்கல் கழிந்த சமயம், சாயங்காலக் கூட்டத்தில், சின்னப்பிள்ளை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எடைக்கல்ல எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? எல்லாம் தெரியும் எனக்கு. தெனமும் நீங்க வாரது அதுக்குத்தான்.”

எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அந்தக் கடையில் எடைக்கல்லே கிடையாது. அக்கா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். அவர் விடவில்லை, கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினார். குடை, வெற்றிலைப் பொட்டலம், சில்லறைப் பர்ஸ். எல்லாவற்றையும் குனிந்து திரும்பப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். அவர் பேசாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி புதுக்கோட்டை. மறுபடி முதுகில் ஊசி. வைரஸ் திரும்பிவிட்டதோ என்று டாக்டர் ஷர்லியே பயந்திருக்கிறார். முடிவுகள் வந்ததும் பிரகதீஸ்வரியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“வைரஸ் இல்லம்மா. இந்தத் தடவ அவரோட எதிர்ப்புச் சக்தியேதான். சண்டையில நரம்புச் செல்லெல்லாம் ஒடஞ்சப்ப, உள்ள இருந்த துண்டு துணுக்கெல்லாம் வெளிய வந்திருக்கு. அதுவரைக்கும் பாக்காத பொருளப் பாத்ததும், அதுவும் எதிரின்னு நெனச்சு அதுக்கு எதிரா ஆயுதம் தயார் பண்ணிருச்சு. ஆன்டிபாடின்னு சொல்லுவோம். இப்ப அது நல்லா இருக்கிற செல்லயும் போய்ப் புடிக்குது. அதான் தூக்கம் இல்ல, சந்தேகம், வாய் அசையுறது எல்லாம்.”

“காப்பாத்துனவங்களையே இப்ப அடக்கணுமாங்க?”

“அடக்கத்தான் வேணும். ஸ்டீராய்டு குடுத்து அமைதிப்படுத்தலாம். அடங்கும்மா. சீக்கிரமே கொண்டுவந்துட்டீங்க.”

பிரகதீஸ்வரி வெளியே வந்து முதலில் செய்தது சின்னப்பிள்ளை அக்காவுக்குப் போன் போட்டதுதான். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் ஒரு வாரமாச் சோறு தண்ணி எறங்காமக் கெடக்கேன்” என்று அக்கா கத்தியது எனக்கே கேட்டது.

மருந்து வேலை செய்தது. இரண்டாம் தடவை தெளிவு திரும்ப நாளானது. அதைவிட, நடந்ததைக் கேட்டு ரெங்கராஜ் இடிந்துபோனதுதான் பெரிதாக இருந்தது. தெருவெல்லாம் யாரைப் பற்றிப் பெருமை பேசினாரோ அவர்களே இப்படிச் செய்துவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் சொன்னார்:

“தப்பா நெனச்சுட்டானுக, சரி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார்.

சின்னப்பிள்ளை அக்காவின் கையைப் பிடித்துக் கத்தியது அவருக்கு நினைவில்லை. அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஊருக்கு வந்ததும் ரெங்கராஜ் அக்கா வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அக்கா மன்னித்துவிட்டார், ஆனால் இலவசமாக இல்லை. அன்றிலிருந்து கறிவேப்பிலை, கொத்தமல்லிக்கெல்லாம் அவர் கை கேட்காமலே கூடைக்குள் போகும். ரெங்கராஜ் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “என்ன, எடைக்கல்லக் காணமா?” என்பார். வாழ்க்கையில் முதல்முறையாக ரெங்கராஜுக்குப் பதில் இல்லாத ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது. அக்கா அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்.

இப்போது பெரும்பாலான காய்கள் திரும்பிவிட்டன. சேனையும் கருணையும் இன்னும் குழப்பும். பறவைகள் வரவேயில்லை. காக்கையைத் தவிர எல்லாம் அவருக்குப் பறவைதான். கல்லாப்பெட்டிக்கு மேலிருந்த படத்தை அவரே கிழித்துவிட்டார். யாராவது கேட்டால் மட்டும் சொல்கிறார், சுருக்கமாக. சுருக்கம் என்றால் அவர் கணக்கில்.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது வார்டு வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாராம். மீமிசல் பக்கம், பெயர் முத்துமாரியம்மாள். கணவர் முனியசாமி கடலுக்குப் போகிறவர், மூளைக்காய்ச்சலில் உள்ளே கிடந்தார். டாக்டர் சொன்னது ஒன்றும் அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. ரெங்கராஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நடந்ததைப் பிரகதீஸ்வரிதான் என்னிடம் சொன்னார்.

காவல் செல், தடுப்பு, டி செல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஒன்றையும் ஏறிக் குதிக்கவைக்கவில்லையாம். எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண், “அவுக ஜெயிச்சுருவாகளாண்ணே?” என்று கேட்டிருக்கிறார்.

“தெரியலம்மா” என்றாராம் ரெங்கராஜ். “எனக்கு ஜெயிச்சாங்க. கொஞ்சம் சாமான் ஒடஞ்சுபோச்சு. இருக்கிறத வச்சுப் பொழைக்கலாம். ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்பறமும் நல்லாக் கவனிம்மா. ஆளு ஒரு மாதிரியாத் தெரிஞ்சா ஒடனே இங்க வந்துரு. நானும் சரியாப்போச்சுன்னுதான் நெனச்சேன்.”

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் ஷர்லி, எல்லாம் சரி, இரண்டே இடத்தில்தான் தப்பு என்றாராம். இரண்டும் தப்பில்லை என்று ரெங்கராஜ் வாதாடியிருக்கிறார். ஒன்றை டாக்டர் விட்டுக்கொடுத்துவிட்டார்.

முனியசாமி பிழைத்துக்கொண்டார். அடுத்த செக்கப்பில் அந்தப் பெண் ஐஸ் போட்ட ஒரு பை மீனைக் கொண்டுவந்து கொடுத்தார். மீனின் பெயரும் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் வரும்போது ரெங்கராஜ் அதை மறந்துவிட்டார். பிரகதீஸ்வரி கிழங்கான் மீன் என்றார். இல்லவே இல்லை என்றார் ரெங்கராஜ். அப்படியானால் என்ன மீன் என்றதற்கு, “பேரு தெரியாது. ஆனா நீ சொல்றது இல்ல” என்றார். குழம்பு கொதிக்கும்வரை வாதம் நடந்திருக்கிறது, இரண்டு பக்கமும் சமமாக. பிரகதீஸ்வரி இப்போதெல்லாம் விட்டுக்கொடுப்பதில்லை. எனக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தது. அது கிழங்கான்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை.